உரிமையோடு கேட்பதும் உரிமை கேட்பதும்

(தமிழ்ச் சங்க நாடகக் குழுக்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வழக்கறிஞன் அல்லன். பொறியியல் படித்தவன், கணினித் துறையில் பணிபுரிபவன், வார இறுதிகளில் சங்க நாடகங்களுக்கு எழுதுபவன். ஆகவே நான் சொல்லப்போவதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம். ஒரு வாழ்க்கை வரலாற்று நூலை மேடைக்குக் கொண்டுவர முயன்று, முறையாக அனுமதி பெறாமல் இடறி விழுந்து, பிறகு மெல்ல எழுந்த ஒருவனின் பட்டறிவாகக் கொள்ளுங்கள்.

எங்களுக்கு நடந்தது

2015ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு எங்கள் சங்கம் ஒரு முழுநீள நாடகம் போட முடிவு செய்தது. ஆண்டுதோறும் நகைச்சுவைத் துணுக்குகளையே மேடையேற்றிச் சலித்திருந்த எங்கள் கையில் ஒரு நூல் கிடைத்தது. தமிழகச் சிற்றூர் ஒன்றில் பள்ளிக்கூடம் தொடங்கி, கடைசி வரை அதை நடத்திய ஓர் ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு அது. எழுதியவர் அவருடைய மாணவர். இருவருமே மறைந்துவிட்டவர்கள். நூலை இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். மூன்றாம் நாள் முதற்காட்சியை எழுதத் தொடங்கிவிட்டேன்.

அனுமதி? நூலை வெளியிட்ட பதிப்பகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர், “தாராளமாப் போடுங்க சார், புத்தகத்துக்கு விளம்பரம்தானே” என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று மகிழ்ந்துவிட்டோம்.

நான்கு மாதங்கள் ஒரு நண்பர் வீட்டுப் பேஸ்மென்ட்டில் ஒத்திகை நடந்தது. நடித்தவர்கள் இருபத்திரண்டு பேர். அவர்களுள் ஒன்பது பேர் இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள். வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தவர்கள். அரங்கத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. விழாவுக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது நூலாசிரியரின் மகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் அழைப்பிதழ் முகநூலில் சுற்றிச் சுற்றி அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: “என் தந்தையின் நூலை நாடகமாக்க யாரிடம் அனுமதி பெற்றீர்கள்?”

பதிப்பகத்தின் பெயரைச் சொன்னோம். அவர்களிடம் இருந்தது நூலாக அச்சிட்டு விற்கும் உரிமை மட்டுமே. நாடகமாக்கும் உரிமை நூலாசிரியரின் குடும்பத்திடமே இருந்தது. அந்தக் குடும்பத்தில் மனைவி, மகள், இரண்டு மகன்கள் என நால்வர், மூன்று ஊர்களில். இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. நாடகத்துக்கு மோதல் வேண்டும் என்பதற்காக, ஆசிரியர் தம் மகனை அடித்து வீட்டை விட்டுத் துரத்துவதாக நான் ஒரு காட்சியைக் கற்பனையாகச் சேர்த்திருந்தேன். அந்த மகன் அப்போது அதே ஊரில் உயிரோடு இருந்தார்.

நாடகத்தை நிறுத்தினோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, “அங்கிள், நான் வசனத்தை மறந்துட்டேன்னா நிறுத்திட்டீங்க?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு சொல், இரு பொருள்

அந்த நாட்களில் ஒரு சொல்லைப் பற்றி நிறைய எண்ணினேன். தமிழில் ‘உரிமை’ என்னும் சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. சட்டம் தரும் உரிமை ஒன்று. அன்பினால் நாமே எடுத்துக்கொள்ளும் உரிமை மற்றொன்று. “உரிமையோடு கேட்கிறேன்”, “உரிமையோடு வீட்டுக்குள் வந்தான்” என்கிறோமே, அந்த உரிமை. ஒரு நூலை நாம் நேசித்துவிட்டால் இரண்டாவது உரிமை வந்துவிடுகிறது. அதுவே முதல் உரிமையும் என்று மயங்கிவிடுகிறோம்.

என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்கு இந்த மயக்கம் வந்திருக்கவே கூடாது. திறமூல நிரல் இணையத்தில் எல்லோரும் படிக்கக் கிடக்கிறது. ஆயினும் அதன் உரிமக் குறிப்பைப் படிக்காமல் ஒரு வரியைக்கூட நிறுவனத்தின் தயாரிப்பில் சேர்க்க விடமாட்டார்கள். அலுவலகத்தில் அவ்வளவு கவனமாக இருந்த நான், தமிழ் நூல் என்றவுடன் நம் வீட்டுச் சொத்துப்போல் கை வைத்துவிட்டேன்.

சட்டம் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

ஒருவருடைய வாழ்க்கையில் நடந்த நிகழ்ச்சிகள் எவருக்கும் தனிச்சொத்து அல்ல. பிறந்த ஊர், சிறை சென்ற ஆண்டு, தொடங்கிய பள்ளி ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் இதற்குப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்ததைப் பற்றி ஹோலிங் என்பவர் 1962இல் ஒரு நூல் எழுதினார். 1975இல் யுனிவர்சல் நிறுவனம் அதே நிகழ்ச்சியைப் படமாக்கியபோது வழக்குத் தொடர்ந்தார். வரலாற்று நிகழ்ச்சிகளுக்கும் அவற்றைப் பற்றிய விளக்கத்துக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், 1978இல், உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ இதே அடிப்படையை உறுதிசெய்தது. தம் மேடை நாடகத்தைத் திருடி ‘நியூ டெல்லி’ என்ற படத்தை எடுத்துவிட்டார்கள் என்பது ஆனந்தின் குற்றச்சாட்டு. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது சொல்லப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று கூறி நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை.

ஆனால் வாழ்க்கை வரலாற்று நூல் வெறும் நிகழ்ச்சிகளின் பட்டியல் அன்று. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, உரையாடலை எப்படி அமைப்பது என்பவையெல்லாம் நூலாசிரியரின் உழைப்பு. அந்த வடிவத்தை எடுத்து நாடகமாக்குவது தழுவல். அதற்கு அனுமதி வேண்டும். நான் அந்த நூலிலிருந்து எடுத்தது வெறும் தகவல் அன்று. காட்சிகளின் வரிசையையும், பல இடங்களில் வாக்கியங்களையும் அப்படியே எடுத்திருந்தேன்.

அடுத்து, நம் சங்கங்களில் அடிக்கடி கேட்கும் வாதம்: “நாம் கட்டணம் வாங்கவில்லையே, இலவச நிகழ்ச்சிதானே?” இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், பொழுதுபோக்குக் கலைக்குழுக்கள் கட்டணமின்றி நிகழ்த்துவதற்கு ஒரு விலக்கு உண்டு என்பது உண்மையே. அதுகூட உள்ளதை நிகழ்த்துவதற்கான விலக்கு. ஒரு நூலை நாடகமாக மாற்றி எழுதலாம் என்று அது சொல்லவில்லை. மேலும் நாம் நாடகம் போடுவது அமெரிக்காவில். இங்கே இலவச நிகழ்ச்சிகளுக்கான விலக்கு, நாடகம் அல்லாத இலக்கியத்துக்கும் இசைக்கும் மட்டுமே பொருந்தும். கவிதை வாசிக்கலாம், நாடகத்துக்கு அந்தக் குடை இல்லை. நூல் சென்னையில் வெளிவந்தது, இங்கே அதற்கு என்ன உரிமை என்றும் கேட்க முடியாது. இந்தியா 1928 முதலும் அமெரிக்கா 1989 முதலும் பெர்ன் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள்.

மூன்றாவது, நூலில் வரும் மனிதர்கள். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழாசிரியர் இராஜகோபால் தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரது ஒப்புதல் இன்றியும் வெளியிடலாம். அதைத் தாண்டி அவரது தனிவாழ்வுக்குள் நுழைந்தால் பொறுப்பேற்க வேண்டும். மறைந்த முதல்வர் செயலலிதாவைப் பற்றிய ‘தலைவி’ படத்துக்குத் தடை கேட்ட மேல்முறையீட்டை 2021இல் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் தனியுரிமை அவரோடு மறைகிறது. வாரிசுகள் அதைச் சொத்துப்போல் பெறுவதில்லை என்றது. ஆகவே மறைந்தவரைப் பற்றி எழுதுவதில் சுதந்திரம் அதிகம்; ஆனால் அதே மேடையில் நடமாடும், உயிரோடு இருக்கும் மகனுக்கு அது பொருந்தாது. நான் அடி வாங்க வைத்தது அந்த மகனைத்தான்.

அன்பு ஒப்பந்தம் ஆகாது: மேயர் லெவின்

வாழ்க்கைக் கதையை மேடைக்குக் கொண்டுவரும் போராட்டத்தில் நான் அறிந்த மிகத் துயரமான வரலாறு மேயர் லெவினுடையது. அவர் அமெரிக்க எழுத்தாளர். இரண்டாம் உலகப் போரின்போது செய்தியாளராகச் சென்று, நாட்சி வதைமுகாம்களைக் கண்ணால் கண்டவர். ஆன் பிராங்கு என்ற சிறுமி ஆம்ஸ்டர்டாமில் இரண்டு ஆண்டுகள் ஒளிந்திருந்து எழுதிய நாட்குறிப்பின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை 1950இல் அவர் படித்தார். தாம் தேடிய குரல் இதுவே என்று உணர்ந்து, உயிர் தப்பியிருந்த தந்தை ஓட்டோ பிராங்குக்குக் கடிதம் எழுதினார். அந்நூல் 1952இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது நியூயார்க் டைம்ஸ் நூல் மதிப்புரை இதழின் முதற்பக்கத்தில் அவர் எழுதிய கட்டுரை, அது வேகமாக விற்பதற்குப் பெருந்துணை புரிந்தது. நாடகமாக்க வேண்டும் என்று முதலில் எண்ணியவர்களில் அவரும் ஒருவர், எழுதியும் முடித்தார்.

ஆனால் தொடக்கக் காலத்தில் இருவரையும் இணைத்தவை பெரும்பாலும் கடிதங்களும் நம்பிக்கையுமே. நாடகத்தை யார் எழுதுவது, பிடிக்காவிட்டால் யார் முடிவு செய்வது என்பவை தெளிவாக வரையறுக்கப்படவில்லை. தயாரிப்பாளர் செரில் கிராபோர்டு அவர் பிரதியை ஏற்கவில்லை. 1952 நவம்பரில் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. குறிப்பிட்ட சில தயாரிப்பாளர்களிடம் ஒரு மாதத்துக்குள் தம் பிரதியை ஏற்கச் செய்யலாம். இல்லையேல் விலகிக்கொள்ள வேண்டும். எவரும் முன்வரவில்லை. பிறகு தயாரிப்பு கெர்மிட் புளூம்கார்டனிடம் சென்றது. பிரான்சிஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹாக்கெட் இணையர் எழுதிய நாடகம் 1955 அக்டோபர் 5 அன்று பிராட்வேயில் அரங்கேறி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது.

லெவினால் அதைத் தாங்க முடியவில்லை. ஆனின் யூத அடையாளத்தை மேடை மழுங்கடித்துவிட்டது என்பது அவர் குறை. அந்தக் குறையில் உண்மை உண்டு என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. ஆயினும் அவர் சென்ற வழி நீதிமன்றம். முகாமில் மனைவியையும் இரு மகள்களையும் இழந்த ஒரு தந்தையை எதிர்த்தே அவர் வழக்காடினார். 1958 சனவரியில் நடுவர் குழு அவருக்கு 50,000 டாலர் தரச் சொன்னது. நீதிபதி அதை விலக்கிவிட்டார். 1959இல் 15,000 டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. தம் பிரதியின் உரிமையையும் அவர் விட்டுக்கொடுத்தார். 1966இல் இசுரேலில் அந்தப் பிரதி மேடையேறியபோது, அதுவும் நிறுத்தப்பட்டது. தம் வாழ்வின் இருபது ஆண்டுகளை இந்தப் போராட்டம் விழுங்கிவிட்டதை அவரே ஒரு நூலாக எழுதினார். 1981இல் மறைந்தார்.

அவர் பேராசைக்காரர் அல்லர். அந்த நூலை அவரைப்போல் நேசித்தவர்கள் குறைவு. அந்த நேசத்தாலேயே அது தமக்கு உரியது என்று நம்பினார். ஓட்டோ பிராங்கும் கொடியவர் அல்லர். மகள் விட்டுச்சென்ற ஒரே பொருளைக் காக்க விரும்பிய தந்தை. இரண்டு நல்லவர்களுக்கு நடுவே ஒரு தெளிவான தாள் இல்லை.

முறையாகச் செய்தவர்கள்

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ‘ஹாமில்டன்’ இசை நாடகம் 2015இல் பிராட்வேக்கு வந்தது. அலெக்சாண்டர் ஹாமில்டன் இறந்தது 1804இல். அவரைப் பற்றி எவரும் எவரையும் கேட்காமல் நாடகம் எழுதலாம். ஆயினும் லின்-மானுவேல் மிராண்டா, தமக்கு ஊற்றாக அமைந்த ரான் செர்னோவின் 2004ஆம் ஆண்டு நூலுக்கு முறையாக உரிமை பெற்றார். செர்னோவையே வரலாற்று ஆலோசகராக வைத்துக்கொண்டார். அவருக்கு உரிமத்தொகையும் கிடைத்தது. நூலாசிரியர் எதிர்த்தரப்பு ஆகாமல் குழுவில் ஒருவரானார்.

அதே நாடகத்தை 2022 ஆகஸ்டில் டெக்சாசு மாநிலம் மெக்காலன் நகரிலுள்ள ஒரு தேவாலயம் அனுமதியின்றி, வசனங்களையும் மாற்றி மேடையேற்றியது. பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தர ஒப்புக்கொண்டது. அவர்களும் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்தாம்.

நம் மண்ணிலும் ஒரு முன்மாதிரி உண்டு. பாரதியார் பாடல்களின் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவை எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களுள் நாடகக் கலைஞர் தி.க. சண்முகமும் ஒருவர். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசு பாரதியின் படைப்புகளை ஏற்றது. செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்துக்கு அரசு தொகை வழங்கியது. மக்கள் சொத்தாக்கியபோதும் குடும்பத்தைத் தாண்டிச் செல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் கதைக்கு வருகிறேன். நாடகத்தை நிறுத்திய பிறகு, அந்த மகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒருநாள், “அம்மா உங்களிடம் பேச வேண்டுமாம்” என்று எழுதினார். நூலாசிரியரின் மனைவிக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். தொலைபேசியில் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “தம்பி, புத்தகத்தைக் காசு குடுத்து வாங்கினீங்க, சந்தோஷம். அதுக்காக அந்த வீட்டுக்குள்ள கேக்காம நுழையலாமா? கேட்டிருந்தா நாங்களே கூட்டிட்டுப் போயிருப்போமே.”

பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். கண் பார்வை மங்கிவிட்டதால் நாடகத்தை முழுவதும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், இங்கே சனி இரவு அங்கே ஞாயிறு காலையாக, படித்தேன். அடிக்கும் காட்சியை நான் முன்பே நீக்கியிருந்தேன். அவர் இன்னொன்றைத் திருத்தினார். ஆசிரியர் காலையில் காபி குடித்தபடி மாணவர்களோடு பேசுவதாக எழுதியிருந்தேன். “அவர் காபி தொட்டதே இல்லை. நீராகாரம்தான். அதையும் பசியோட வர்ற பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு, மிச்சம் இருந்தாத்தான் குடிப்பார்” என்றார். அது நூலில் இல்லாத செய்தி. நான் நான்கு மாதம் மூளையைக் கசக்கியும் கிடைக்காத மோதல் அந்த ஒரு சொம்பு நீராகாரத்தில் இருந்தது. 2016 பொங்கலில் நாடகம் மேடையேறியபோது அவையை அழவைத்த காட்சி அதுவே. வசனத்தை மறந்ததாக எண்ணிய அந்தச் சிறுவன்தான் சொம்பை வாங்கிக் குடித்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

நாங்கள் பட்ட பாட்டிலிருந்து ஐந்து குறிப்புகள்.

1. முதல் காட்சியை எழுதும் முன் உரிமை யாரிடம் என்று கண்டறியுங்கள். இந்தியாவில் நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. அமெரிக்காவில் நூல் வெளிவந்த காலத்தைப் பொறுத்துக் கணக்கு மாறும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூலா என்பதையும் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அத்தகைய நூல்கள் பல உள்ளன.

2. பதிப்பகத்திடம் “அனுமதி உண்டா?” என்று கேட்காதீர்கள். “நாடகமாக்கும் உரிமை உங்களிடம் உள்ளதா, குடும்பத்திடமா?” என்று கேளுங்கள். வாரிசுகள் பலர் எனில் அனைவரின் கையொப்பமும், அல்லது மற்றவர்கள் ஒருவருக்கு அளித்த அதிகாரக் கடிதமும் வேண்டும்.

3. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை காட்சிகள், எந்த ஊர், எந்த மொழி, காணொளிப் பதிவை இணையத்தில் ஏற்றலாமா, வேறு சங்கங்கள் போடலாமா, தொகை எவ்வளவு என்பவை ஒரு பக்கத்தில் அடங்கும். மேடை உரிமை காணொளி உரிமையையும் உள்ளடக்கியது என்று எண்ணாதீர்கள்.

4. பிரதியை யார் ஏற்க வேண்டும், எத்தனை நாட்களுக்குள், கருத்து வேறுபட்டால் இறுதி முடிவு யாருடையது என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். லெவினை வீழ்த்தியது இந்த இடமே.

5. உயிரோடு இருப்பவர் பாத்திரமாக வந்தால், அவரிடம் அந்தக் காட்சியைக் காட்டுங்கள். கற்பனைக் காட்சி எது என்பதை அறிவிப்பிலும் சொல்லுங்கள்.

நண்பர்களே, ஊரை விட்டு வந்த நமக்கு, அந்த மண்ணின் மனிதர்களை மேடையில் காண வேண்டும், நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. நல்ல தவிப்பு அது. ஆனால் நாம் மேடையேற்றும் மனிதர், இன்னும் உயிரோடு இருக்கும் யாரோ ஒருவருக்குக் கணவர், தந்தை, ஆசிரியர். அவர்களிடம் உரிமை கேளுங்கள். கேட்டபின், உரிமையோடு பேசுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் இரண்டுமே கிடைக்கும்.